தொடர்பற்ற பதில்

அலுவலகத்தில் அவளுக்கு எட்டக்கா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் பேசுவது காதில் விழாமல் இருக்க அந்த அறை ஒன்றும் மைதானம் இல்லை. மூன்று மேசை, ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசி துப்பும் சூடு நேராக முகத்தில் அடிக்கும். அந்தச் சூட்டில் உட்கார்ந்துகொண்டுதான் உலகம் சூடாவதைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஆராய்ச்சி நிறுவனம் ஊரெல்லாம் வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுத்திருந்தது. காலநிலை மாற்றம் என்றதும் மனதில் என்ன தோன்றுகிறது, அப்போது என்ன செய்வீர்கள், யாரிடமாவது பேசுவீர்களா, உங்களைச் சுற்றி இருப்பவர்களும் கவலைப்படுகிறார்களா என்று கேள்விகள். பெயர் எழுத வேண்டாம், எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தால் போதும். அறுநூறு பேர் கொடுத்திருந்தார்கள். ஜனங்கள் இஷ்டத்துக்கு எழுதியதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது. அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எண் போட வேண்டும். பயம் என்றால் ஒன்று, கோபம் இரண்டு, துக்கம் மூன்று, குற்ற உணர்வு நான்கு என்று போய், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் எதையாவது எழுதியிருந்தால் எட்டு. எட்டு என்றால் தொடர்பற்ற பதில். அந்த எட்டைத்தான் அவள் தாராளமாகப் போட்டாள்.

அவளைக் கேட்டால் அதற்கு நியாயம் வைத்திருந்தாள். எழுதினவர் சொல்லாததை நாம் சொல்லக் கூடாது என்பாள். 'பயமாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதினால் அது ஒன்று, அதில் தகராறே இல்லை. 'அம்மாவுக்கு போன் பண்ணி சாப்பிட்டாயா என்று கேட்பேன்' என்று எழுதினால்? கேட்டது காலநிலை மாற்றம், இவர் சொல்வது அம்மாவின் சாப்பாடு. எட்டு. 'எங்கள் வீட்டு மரம் இந்த வருஷம் பூக்கவே இல்லை.' பூக்காவிட்டால் போகட்டும், எட்டு. பதினான்கு வருஷமாக இதே வேலை. சோப்பு பிடித்திருக்கிறதா, பேருந்து நேரத்துக்கு வருகிறதா என்று எத்தனையோ கணக்கெடுப்பைப் பார்த்தவள். கை தானாகவே போய் எண்ணை அழுத்தும்.

ஒரே பதிலை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எண் போட வேண்டும் என்பது அங்கே விதி. இன்னொருத்தி டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவள், பரீட்சைத் தாள் திருத்தும் காலத்திலேயே அள்ளி மார்க் போட்ட கை போலிருக்கிறது. எதைப் பார்த்தாலும் அவளுக்குப் பயமாகத்தான் தெரியும். அவளுக்கு ஒன்றக்கா என்று யாரும் பெயர் வைக்கவில்லை என்பதில் எட்டக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. இருவருடைய எண்ணும் ஒத்துவராத பதில்கள் தனிப் பட்டியலாக வரும். அதை இருவரும் மறுபடி பார்த்து, ஒரு முடிவோடு சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு ஆளின் பதில்களை மொத்தமாகப் படிக்கக் கூடாது. முதலில் அறுநூறு பேரின் முதல் கேள்வி, பிறகு அறுநூறு பேரின் இரண்டாவது கேள்வி என்று கேள்வி கேள்வியாகத்தான் போக வேண்டும். ஆளைப் பார்த்துவிட்டால் மனசு சாய்ந்துவிடுமாம். அதனால் அவள் ஒரு மாதமாக ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் படித்திருந்தாள், ஒரு மனுஷரைக்கூடப் படிக்கவில்லை.

வீட்டிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

அவள் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட்காரர் என்றால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும். பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருஷம் இரண்டு பேருமாகப் பேசிச் சிரித்துச் சண்டை போட்டு ஓட்டிய வீடு, இரண்டு வருஷமாகச் சத்தமில்லாமல் கிடந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்று வரும். இது வெறுமனே பேச்சு வற்றிப்போனது. அவர் வேலை முடிந்து வருவார். கருவிப் பையை அலமாரிக்கு மேலே ஏற்றி வைப்பார். முன்பெல்லாம் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும், இரண்டு வருஷமாகத்தான் மேலே. பிறகு டீயைக் கையில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். இருட்டும் நேரத்துக்கு இறங்கி வருவார். அங்கே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்டால், 'நீ இல்லை' என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு கலக்கம்.

போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது, தனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். ஆறு மணி நேரப் பயணம், மேட்டில் இருக்கும் ஊர், லிஃப்ட் உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டியிருக்கும் என்று தேதியையும் சொன்னார். நீயும் வா என்று சொல்லவில்லை. எத்தனை மாதம் என்று அவள் கேட்டாள். பார்க்கலாம் என்றார். அவள் சரி என்றாள். அப்புறம் அவர் கை கழுவ எழுந்து போய்விட்டார். ஒரு குடும்பம் பிரிவதற்கு நிறைய வார்த்தைகள் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அன்றைக்கு அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

நான் அவருக்குச் சலித்துவிட்டேன், அதைச் சொல்ல வாய் வராமல் வேலையைச் சாக்கு சொல்லிப் போகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவை ஒரு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் ஒத்துவராத பதில்களின் பட்டியல் வந்தது. நூற்று எழுபத்தொன்று. தகராறு தீர்க்கும்போது மட்டும் ஒரு ஆளின் பதில்கள் முழுவதையும் திறந்து பார்க்கலாம், அதற்கு விதி இடம் கொடுத்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரிசையைத் திறந்தாள்.

மனதில் என்ன தோன்றுகிறது என்ற கேள்விக்கு, 'ஒன்றும் தோன்றவில்லை. எண்ணிக்கொண்டிருப்பேன்' என்று எழுதியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதற்கு அவள் எட்டு போட்டிருந்தாள். டீச்சர் வழக்கம்போல ஒன்று. அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு அடுத்த பதில்களைப் படித்தாள்.

'படிகளை எண்ணுவேன். தரையிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் நாற்பத்தெட்டு. தண்ணீர் எத்தனையாவது படி வரைக்கும் வரும் என்று கணக்குப் போடுவேன். கீழே இருக்கும் சாமான்களை மேலே ஏற்றி வைக்கிறேன். சாயங்காலம் மாடிக்குப் போய் நிற்பேன்.'

யாரிடமாவது பேசுவீர்களா, இல்லையென்றால் ஏன் என்ற கேள்விக்கு:

'பேசுவதில்லை. வீட்டில் இருப்பவருக்கு நாள் முழுக்க இதே பேச்சுதான் வேலை. களைத்துப்போய் வருகிறவரிடம் நானும் போய் இதையே சொல்ல வேண்டுமா? அவர் நிம்மதியாக இருக்கட்டும்.'

உங்களைச் சுற்றி இருப்பவர்களும் கவலைப்படுகிறார்களா?

'இல்லை. எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமான்களை மேலே ஏற்றி வைக்கிறது. மாடி. நாள் முழுக்க இதே பேச்சாக இருக்கும் வீட்டுக்காரி. வேறு யார்? இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர்கள் தெருவிலும் அந்த உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஆபீஸில் வேலை செய்கிறவர்கள் நிரப்பக் கூடாது, வீட்டில் மற்றவர்கள் நிரப்பலாம். அதனால் அவள் அதை ஃப்ரிஜ் மேல் வைத்து, வேணும்னா நீங்க நிரப்புங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அது அங்கே இல்லை. குப்பையில் போட்டிருப்பார் என்று நினைத்தாள்.

குப்பையில் போடவில்லை. எழுதியிருக்கிறார். இரண்டு வருஷமாக அவளிடம் சொல்லாததைப் பெயரில்லாத ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அதை அவள் படித்துவிட்டு எட்டு போட்டிருக்கிறாள். தொடர்பற்ற பதில் என்று.

டீச்சர் என்ன ஆச்சு என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். தலைவலி இல்லை, வெட்கம். அதோடு, சொல்லக் கூடாது, ஒரு சந்தோஷமும். சலித்துப்போய் அவர் போகவில்லை. பயந்து போகிறார். தன் பயத்தால் அவள் நிம்மதி கெடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நல்ல மனுஷன், எவ்வளவு பெரிய மடையன். அவளுக்கு மட்டும் என்ன நிம்மதியா இருந்தது? அறுநூறு பேருடைய பயத்தைப் படித்து எண் போட்டுவிட்டு வருகிறவளுக்குத் தன்னுடையதைக் கொட்ட ஒரு இடம் இல்லை. அந்த ஊரிலேயே அந்தத் தாளை நிரப்பக் கூடாது என்று தடை போடப்பட்ட நாலைந்து பேரில் அவள் ஒருத்தி.

வீட்டுக்கு வந்தபோது அவர் மாடிக்குப் போயிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறினாள், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு. முப்பத்தாறில் மொட்டை மாடி வந்துவிட்டது. மூச்சு வாங்கிய வேகத்தில் நடுவில் பன்னிரண்டை விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டு படியை ஒருத்தி எண்ணாமல் விடுவாளா? விடுவாள், விட்டாக வேண்டும் என்று இருந்தால்.

அவர் கைப்பிடிச் சுவரில் டம்ளரை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும், கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். மாடிக்கு அவள் வர வேறு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

படித்ததைச் சொல்லக் கூடாது. அதற்கென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். சொல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள்.

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். "எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான். மேகம் கறுத்தாப் பயம். கறுக்கலைன்னா அதுவும் பயம். நாள் முழுக்க அதையே படிக்கிறேன், யாருக்கு என்னன்னு எழுதறேன். எனக்கு என்னன்னு யாரும் கேக்கறதில்ல."

"நீ பயப்படுவேன்னு நான் நினைக்கவே இல்லையே," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எல்லாத்துக்கும்தான் ஒரு நம்பர் வச்சிருக்கியே."

அவள் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் மனதில் இருப்பது தனக்குத் தெரியும், ஒளிக்க வேண்டாம் என்றாள். அவரும் பயந்துகொண்டுதான் இங்கே வந்து நிற்கிறார், அதனால்தான் மேட்டுக்குப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்றாள். அந்த வேகத்தில் வாய் தவறி, நாற்பத்தெட்டு படியையும் எண்ணுவதுகூடத் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். "எந்த நாற்பத்தெட்டு?"

"இந்தப் படிதான்."

"இதுல முப்பத்தாறுதானே இருக்கு. நான் எதுக்கு எண்ணப் போறேன்?"

அந்தக் கேள்வித்தாளை என்ன செய்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். கருவிப் பையில் இருப்பதாகச் சொன்னார். எழுதலாம் என்றுதான் எடுத்தாராம். நாலு நாள் வைத்திருந்தாராம். என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே மடித்து வைத்துவிட்டாராம்.

ஆக, அது அவர் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகை வந்திருக்க வேண்டும், எதுவும் வரவில்லை. எவரோ ஒருவருடைய மனதைப் படித்துவிட்டு, தன் புருஷனுடையது என்று உரிமை கொண்டாடிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். ஆள் மாறாட்டத்தில் வந்த சந்தோஷம், வந்த வழியே போகவும் போயிற்று. அப்படியென்றால் இவர் எதற்காகப் போகிறார்? பழைய முடிவு மறுபடி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அவள் இறங்கிப் போகத் திரும்பினாள்.

"அன்னிக்கு நீ எத்தனை கட்டடம்னு கேட்ட," என்றார் அவர்.

அவளுக்கு முதலில் எந்த அன்று என்று புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியபோது ஊரில் இருக்கும் கட்டடங்களின் அடித்தளத்திலெல்லாம் தண்ணீர் புகுந்தது. லிஃப்ட் நிற்பதற்குக் கீழே ஆள் இறங்கி வேலை செய்ய ஒரு குழி இருக்கும், அதில்தான் முதலில் தண்ணீர் நிரம்பும். அவர் ஒன்றரை நாள் வீட்டுக்கு வராமல் கட்டடம் கட்டடமாகப் போய் அங்கங்கே மாட்டிக்கொண்டவர்களை எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றபோது அவள் துண்டை நீட்டிக்கொண்டே மொத்தம் எத்தனை கட்டடம் என்று கேட்டாள். பதினேழு என்றார். அம்மாடி, பதினேழா என்றாள். மறுநாள் அதை டீச்சரிடம் பெருமையாகவும் சொன்னாள்.

"பதினேழுன்னு சொன்னேன். பதினெட்டு," என்றார். "பதினெட்டாவது கட்டடத்துக்குப் போனேன். கீழ தண்ணி இடுப்பளவு நின்னுச்சு. குழிக்குப் பக்கத்துல போய் ஒரு கை போட்டா லிஃப்ட் பெட்டி மேல வந்துரும். எனக்குத் தெரியும். ஆனா கால் இறங்கல. கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். திரும்பி வந்துட்டேன். உள்ள ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க தட்டினது கேட்டுச்சு. அப்புறம் வேற ஆள் வந்து எடுக்க நாலு மணி நேரம் ஆச்சாம்."

"அவங்களுக்கு ஒண்ணும்…"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்காங்க. எனக்குத்தான் அதுக்கப்புறம் குழியில கால் வைக்க முடியல. ரெண்டு வருஷமா யாரையாவது கெஞ்சி இறக்கிவிட்டு நான் மேல நின்னு சொல்றேன். எத்தனை நாள் முடியும்? அதான் கிடங்கு."

ஏன் என்கிட்ட சொல்லல என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியும். நனைந்து நின்ற மனுஷனிடம் என்ன ஆச்சு என்று கேட்காமல் எத்தனை என்று கேட்டவள் அவள்தான். இந்தப் பதிலுக்கு என்ன எண் என்று பழக்க தோஷத்தில் மூளை ஒரு கணம் தேடியது. குற்ற உணர்வு நான்கு, பயம் ஒன்று. அந்த மூளையை அவள் வெறுத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ டம்ளர் ஆறிப்போய் ஓரமாக நின்றது. இருட்டும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

இறங்கும்போது அவள் கேட்டாள். "நானும் வரவா?"

"வரமாட்டேன்னு நினைச்சுத்தான் கேக்கல," என்றார் அவர்.

ஒரு மாதத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து பாழாக்கியிருக்கிறார்கள் என்பது அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்தது. கையில் இருக்கும் கணக்கெடுப்பு முடிய இரண்டு வாரம் ஆகும், முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, படி வழுக்கும், பார்த்து வா என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆபீஸுக்குப் போனாள். முந்நூற்றுப் பன்னிரண்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நேற்று அவளுக்குச் சொந்தமாக இருந்த வரிகள் இன்றைக்கு யாருடையதாகவோ இருந்தன. ஆனால் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. எங்கேயோ ஒருவர் இதை எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டில் இருப்பவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று மாடியில் போய் நிற்கிறார். அந்த வீட்டில் இருப்பவர் யாரோ. வாத்தியாராக இருக்கலாம், செய்தி வாசிப்பவராக இருக்கலாம், வயல் வேலைக்குப் போகிறவராகக்கூட இருக்கலாம். அவருக்கும் யாரும் சொல்லப்போவதில்லை, மேலே போய்ப் பாருங்கள் என்று.

டீச்சர் வந்ததும் எட்டக்கா, முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு டீச்சர் போட்ட ஒன்றே சரி என்றாள். டீச்சர் ஏறிட்டுப் பார்த்தாள். பதினான்கு வருஷத்தில் எட்டக்கா விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவள் தன்னுடைய எட்டுகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். நூற்று நாற்பத்து மூன்று. மறுபடி பார்க்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டாள். அவர் திங்கட்கிழமைக்குள் முடியுமா என்று மட்டும் கேட்டார்.

அம்மாவுக்கு போன் செய்கிறவருக்கு ஒன்று போட்டாள். பூக்காத மரத்துக்கு மூன்று. 'சும்மா வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்' என்றவருக்கு என்ன போடுவது என்று தெரியாமல் டீச்சரைக் கேட்டாள். இரண்டு பேருமாக அரை மணி நேரம் பேசினார்கள். அந்த அறையில் அவ்வளவு நேரம் அவர்கள் பேசியதே இல்லை.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது அறுநூறு பேரில் நானூற்று முப்பது பேர் பயம், துக்கம், குற்ற உணர்வு என்று ஏதோ ஒன்றில் இருந்தார்கள். அதே அறுநூறு பேரில் நானூற்றுப் பதினொரு பேர், மற்றவர்கள் யாரும் கவலைப்படவில்லை, எனக்கு மட்டும்தான் என்று எழுதியிருந்தார்கள். சூப்பர்வைசர் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார். அறிக்கையில் முதல் பக்கத்திலேயே போடலாம் என்றார். எட்டு மாதத்தில் அறிக்கை வந்துவிடும் என்றார்.

"இவங்களுக்கு யார் சார் சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

அவள் திரையைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். பெயர் இல்லாமல்தானே வாங்கியிருக்கிறோம், முகவரி இல்லாமல் யாருக்கு எழுதுவது என்றார். அது நியாயம்தான். அந்த நியாயத்தை அவளே நாலு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெட்டியும் கருவிப் பையுமாக நின்றார்கள். கருவிப் பை எதற்கு, அங்கே உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே என்றாள். இருக்கட்டும் என்றார். அவரிடம் கேட்க அவளுக்கு மூன்று நாளாக ஒன்று இருந்தது. யார், எதற்கு என்று விளக்க முடியாது. ஆனால் இந்த ஊரில் அவர் ஏறி இறங்காத கட்டடம் இல்லை.

"எந்தக் கட்டடத்துல நாற்பத்தெட்டு படி இருக்கும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "மாடிக்குப் பதினாறு படி. கீழ்த்தளத்தோட மூணு மாடி இருந்தா மொட்டை மாடிக்கு நாற்பத்தெட்டு. நம்ம வீடு பழசு, மாடிக்குப் பதினெட்டு, ரெண்டு மாடி, அதான் முப்பத்தாறு. இப்பக் கட்டறது எல்லாம் நாற்பத்தெட்டுதான்."

பேருந்து வந்தது. அவர் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன் என்று கையால் காட்டினார். முன்பெல்லாம் அவர் அப்படிக் காட்டுகிற ஆள் இல்லை. பேருந்து திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவள் நின்றாள். இன்னும் இரண்டு வாரம் தனியாக இருக்க வேண்டும். ஆனாலும் இது எதற்காக என்று தெரிந்த தனிமை, அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு நடந்தே வந்தாள். இடது பக்கம் முதல் கட்டடம், தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று மாடி. அடுத்ததும் அப்படித்தான். அதற்கு அடுத்ததில் வாசலிலிருந்தே படிக்கட்டு தெரிந்தது, அவள் நின்று ஒரு மாடிக்கு எண்ணிப் பார்த்தாள், பதினாறு. எதிர் வரிசையில் ஏழு கட்டடம், ஏழும் மூன்று மாடி. ஒன்றின் உச்சியில் யாரோ ஒருவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். துணி காயப்போட வந்தவராகவும் இருக்கலாம். அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். அந்த ஆள் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாருக்கோ என்று நினைத்து.